மூஸா நபி கேட்ட இரண்டு உதவிகள்

(மேல்பட்டாம்பாக்கம் பள்ளிவாசலில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

தூர் மலையருகேயுள்ள புனிதப் பள்ளத்தாக்கில் ஹழ்ரத் மூஸா (அலை) அவர்களை அல்லாஹுத்தஆலா நபியாகத் தேர்ந்தெடுத்து, ஃபிர்அவ்னிடம் செல்லும்படி ஏவினான். அந்த ஏவல் வந்த இடத்திலேயே அவர்கள் கேட்ட துஆவைத் 'தாஹா' அத்தியாயத்தின் 25 முதல் 32 வரையிலான வசனங்களில் காண்கிறோம். நெஞ்சை விரிவாக்கித் தருமாறும், காரியத்தை எளிதாக்குமாறும் வேண்டிய பின்னர், இரண்டு உதவிகளை அவர்கள் குறிப்பிட்டுக் கேட்டார்கள். ஒன்று, தம் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்ளும்படி நாவிலுள்ள முடிச்சு அவிழ வேண்டும். மற்றொன்று, தம் குடும்பத்திலிருந்தே சகோதரர் ஹாரூன் (அலை) அவர்கள் துணையாக அமர்த்தப்பட வேண்டும்.

இந்தத் துஆவை ஓதாத மாணவர் மதரஸாவில் இல்லை. இதைக் கொண்டு தொடங்காத பேச்சாளர் மேடையில் இல்லை. ஆனால் இதன் ஆழத்தை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். முடிச்சு முழுவதும் நீங்க வேண்டும் என்று அந்த நபி கேட்கவில்லை. பிறர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவிழ்ந்தால் போதும் என்றே கேட்டார்கள் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். ஆகவேதான், பின்னாளில் ஃபிர்அவ்ன் தன் அவையில், தெளிவாகப் பேசவும் இயலாத இவரைவிட நானே மேலானவன் என்று ஏளனம் செய்ததை 'ஸுக்ருஃப்' அத்தியாயம் (43:52) குறிப்பிடுகிறது என்றும் அவர்கள் விளக்குகின்றனர். நாவில் எஞ்சிய திக்கலோடுதான் ஒரு நபி, ஒரு பேரரசனின் அவையில் நின்று ஏகத்துவத்தை எடுத்துரைத்தார்கள். திக்கலை எள்ளி நகைத்தவன் யார் என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்!

நாவில் மட்டுமன்றி, கையிலும் காலிலும் கழுத்திலும் முடிச்சு விழுந்தது போன்ற நிலையில் வாழும் குழந்தைகள் நம் மஹல்லாக்களில் உண்டு. பலரை நாம் பார்த்திருக்க மாட்டோம். காரணம், அவர்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச நாடுகிறேன்.

மூளை முடக்குவாதம் என்பது யாது?

கையை நீட்ட வேண்டும் என்று நாம் எண்ணிய கணத்தில், மூளையிலிருந்து புறப்படும் கட்டளை ஒரு தசையை இறுக்குகிறது. அதற்கு எதிரான தசையைத் தளர்த்துகிறது. இது எத்தனை பெரிய நிஃமத் என்பதை நாம் உணர்வதே இல்லை. தாயின் வயிற்றிலோ, பிரசவ வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ, வளர்ந்துவரும் மூளையின் ஒரு பகுதி பழுதடைந்துவிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. சிலருக்குத் தசைகள் விறைத்துக்கொள்ளும்; கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சிலருக்குக் கைகால்கள் விருப்பத்திற்கு மாறாகத் தாமே அசைந்துகொண்டிருக்கும். சிலருக்கு நடையில் நிதானம் இராது. நாவையும் தொண்டையையும் இயக்குபவையும் தசைகளே என்பதால், பேச்சு குழறும், உமிழ்நீர் வழியும், உணவை விழுங்குவதும் சிரமமாகும். இதனையே மூளை முடக்குவாதம் என்கின்றனர். உலகளவில் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது.

1861ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினமான பிரசவத்திற்கும் இந்நிலைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் அவையில் எடுத்துரைத்தார். நெடுங்காலம் அவருடைய பெயராலேயே இந்நிலை அழைக்கப்பட்டது. அவரே சிறுவயதில் நோயினால் கால் ஊனமுற்றவர் என்பது பலரும் அறியாத செய்தி.

இது தொற்றுநோய் அன்று. ஆண்டுக்காண்டு மூளையில் பரவிச் செல்லும் நோயும் அன்று. பழுது நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆயினும் பயிற்சியின்றி விட்டுவிட்டால் தசைகள் சுருங்கி, மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். நோய் வளர்கிறது என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் இந்த அலட்சியத்தின் வளர்ச்சியே.

மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மூளையில் பழுது என்றதும் அறிவிலும் பழுது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை இருக்கும் என்பது உண்மை. ஆனால் கணிசமானோருக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை. அனைத்தையும் புரிந்துகொள்கிறார்கள், வெளியே சொல்லத்தான் நா ஒத்துழைப்பதில்லை. தம் எதிரிலேயே தம்மைப் பற்றிப் பிறர் பேசும் இரக்கச் சொற்களையும் இழிசொற்களையும் ஆண்டுக்கணக்கில் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை எண்ணிப் பாருங்கள்!

ஷரீஅத் கடமைகளைச் சுமத்துவது அறிவின் மீது. கைகால்களின் மீது அன்று. அறிவு நிறைந்த ஒருவர் பருவமெய்திவிட்டால், அவர் சக்கர நாற்காலியில் இருந்தாலும் தொழுகை அவர்மீது கடமை. சொத்து இருந்தால் ஸகாத் கடமை. திருமணத்தில் அவருடைய சம்மதம் கேட்கப்பட வேண்டும். அத்தகையவரை இருபத்தைந்து வயதிலும் பாலகனைப் போல நடத்துவதும், அவருடைய காரியத்தை அவரிடம் கேளாமலே முடிவு செய்வதும் பாசமாகத் தோன்றலாம்; மார்க்கத்தின் பார்வையில் அது உரிமைப் பறிப்பு.

முதல் உதவி: முடிச்சு அவிழ

நோய்க்கு மருந்து செய்யுமாறும், முதுமை நீங்கலாக எந்த நோயையும் நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. எனவே சிகிச்சை தேடுவது தவக்குலுக்கு மாற்றமானதன்று. "அல்லாஹ் தந்தது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிப் படுக்கையில் விட்டுவிடுவதற்கு ஸப்ர் என்று பெயரில்லை. ஐயூப் (அலை) அவர்கள் ஸப்ருக்கு இலக்கணமாக இருந்தார்கள். அவர்களே காலால் நிலத்தில் உதைக்குமாறு ஏவப்பட்டு, வெளிவந்த நீரில் குளித்து நலம்பெற்றார்கள் என்பதை 'ஸாத்' அத்தியாயம் (38:42) கூறுகிறது.

இங்கே தாய்மார்களுக்காக ஒரு சொல். இத்தகைய குழந்தை பிறந்துவிட்டால் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவள் தாய்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், அந்தி நேரத்தில் மரத்தடியில் நின்றாள், ஜின் தீண்டிவிட்டது என்றெல்லாம் மாமியார் வீட்டில் பேச்சு எழும். பெருமானாரின் அருமைச் செல்வர் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மரணத்தால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசத் தொடங்கியபோது, எவருடைய மரணத்திற்கும் பிறப்பிற்கும் சூரிய சந்திரர்கள் கிரகணம் அடைவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள் (புகாரி). தம் சொந்தப் பிள்ளையின் ஜனாஸா நாளில்கூட மூடநம்பிக்கைக்கு இடம்தராத நபியின் உம்மத், கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் அடைத்து வைப்பது வேதனையான முரண்.

உண்மையான காரணங்கள் வேறு. குறைமாதப் பிறப்பு, பிரசவ வேளையில் மூளைக்குப் பிராணவாயு கிடைக்காமை, கர்ப்ப காலத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா போன்ற கிருமிகள், பிறந்த குழந்தைக்கு வரும் மூளைக்காய்ச்சல், கவனிக்கப்படாத கடும் மஞ்சள் காமாலை ஆகியவை அவற்றுள் சில. எத்தனை முயன்றும் காரணம் அறிய முடியாத குழந்தைகளும் உண்டு. பச்சிளம் குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகத் தெரிந்தால் இளவெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அலைபேசிகளில் பரவிய வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்குப் போடாமல் தவிர்த்த பெற்றோர் பலர். ருபெல்லா தடுப்பூசி நாளைய தாயையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் காக்கிறது என்பதை அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் சொல்லவில்லை.

நான்கைந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, கைவிரல்கள் எந்நேரமும் மூடியே இருக்கின்றன, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். "எங்கள் வம்சத்தில் பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில் கழியும் ஓராண்டு, திரும்பக் கிடைக்காத ஓராண்டு. குழந்தையின் மூளை இளமையில்தான் புதிய வழிகளை விரைந்து கற்கிறது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர் அரசு மருத்துவமனை வெகுதூரமில்லை. புதுவையில் ஜிப்மர் இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்னுமிடத்தில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது.

இயன்முறைப் பயிற்சி, கைத்தொழில் முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றின் நோக்கம் முடிச்சை முற்றாக அறுத்தெறிவதன்று. உட்காரவும், தன் கையால் உண்ணவும், கருத்தைப் பிறருக்கு உணர்த்தவும் இயலும்படி அதனைத் தளர்த்துவதே. மூஸா (அலை) அவர்கள் கேட்ட அளவும் அதுதானே! இதை உணராதவர்கள்தாம், முழுமையாக நடக்க வைத்துவிடுகிறேன் என்று வாக்களிப்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தாயத்துக்கும் எண்ணெய்க்கும் மட்டுமன்று, நவீன விளம்பரங்களுக்கும் இது பொருந்தும். மூளை முடக்குவாதத்திற்கு ஸ்டெம் செல் சிகிச்சையை வணிக முறையில் அளிக்க அனுமதியில்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் நிலைப்பாடு. ஒரே ஊசியில் குணம் என்பவரை நம்பி நிலத்தை விற்றுவிடாதீர்கள்.

இரண்டாம் உதவி: ஹாரூன் எங்கே?

நம்மில் பெரும்பாலோர் முதல் உதவியோடு நின்றுவிடுகிறோம். குணமாக வேண்டும் என்று துஆ செய்கிறோம், அலைகிறோம், செலவழிக்கிறோம். ஏழெட்டு ஆண்டுகளில் நடை வரவில்லை என்றதும் மனம் ஒடிந்து கதவைச் சாத்திவிடுகிறோம். ஆனால் மூஸா (அலை) அவர்கள், நா முழுமையாகத் திருந்திய பிறகு புறப்படுகிறேன் என்று சொல்லவில்லை. திருந்திய அளவு நாவோடும், துணைக்கு ஒரு சகோதரரோடும் புறப்பட்டார்கள். இந்தத் துணையே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது.

மித்து ஆலூர் என்னும் தாய்க்கு 1966இல் பிறந்த மகள் மாலினி சிப் மூளை முடக்குவாதத்தோடு வாழ்பவர். இக்குழந்தைக்குச் செய்ய ஏதுமில்லை என்றே அக்கால மருத்துவர்கள் கருதினர். தாய் இங்கிலாந்து வரை சென்று, மகளின் அறிவு முழுமையாக இருப்பதை அறிந்து, இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தாமே கற்றுத் திரும்பினார். 1972இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற அமைப்பை நிறுவினார். மகள் மும்பையில் பட்டம் பெற்று, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் முடித்தார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றை நூலாக எழுதினார். அது 2011இல் வெளிவந்தது.

நம் சென்னையில் பூனம் நடராஜன் என்னும் தாய், மூளை முடக்குவாதம் கொண்ட தம் மகனுக்காகத் தேடத் தொடங்கி, 1985இல் ஒருசில குழந்தைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் அதுவே. பேச இயலாத பிள்ளைகள் படங்களும் எழுத்துகளும் கொண்ட பலகையைக் கண்ணாலோ விரலாலோ சுட்டி உரையாடும் முறையைத் தமிழகத்தில் பரவலாக்கியதில் அந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. பலகையைச் சுட்டிக்காட்டிய பிள்ளையின் கருத்தைச் சொற்களாக்கிச் சொல்பவர் அந்த நேரத்தில் ஹாரூனின் பணியைத்தான் செய்கிறார்.

வசதியுள்ள நகரத்துக் குடும்பங்களின் கதை இது என்று நீங்கள் எண்ணக்கூடும். அதற்காகவே அண்டை மாநிலத்துச் செய்தி ஒன்றையும் கூறுகிறேன். கோழிக்கோடு மாவட்டத்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஏ.கே. சாரிகா, மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். தந்தை வளைகுடாவில் வாகனம் ஓட்டிச் சம்பாதித்தவர். 2024 ஏப்ரலில் வெளியான மத்தியக் குடிமைப் பணித் தேர்வு முடிவில் அவர் 922ஆவது இடத்தில் தேர்ச்சி பெற்றார். வளைகுடா வருமானத்தில் வாழும் குடும்பங்கள் நம் கடலூர் மாவட்டத்திலும் ஏராளம். அந்த வருமானம் மாடி கட்டுவதற்கு மட்டுமன்றி, பின்கட்டில் இருக்கும் மகளின் கல்விக்கும் உரியது. பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி, நடக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடைய பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காடு இடங்களையும், அரசு வேலைகளில் நான்கு விழுக்காடு இடங்களையும் ஒதுக்கியுள்ளது. அரசுத் தேர்வில், எழுத இயலாதவர் சொல்வதைக் கேட்டு எழுத ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். கூடுதல் நேரமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடிப்படை அரசு மருத்துவர் வழங்கும் ஊனச் சான்றும் அடையாள அட்டையுமாகும். பிள்ளைக்கு ஊனம் என்று அரசு ஏட்டில் பதிவாகிவிட்டால் குடும்பத்திற்கு இழுக்கு என்று கருதி, பன்னிரண்டு வயது வரை சான்று வாங்காத வீடுகளை நான் அறிவேன். இழுக்கு எதில் இருக்கிறது?

துணை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டவர்கள் மூஸா (அலை) அவர்களே. பிறர் அவர்கள்மீது திணிக்கவில்லை. சென்னையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பணியாற்றிய ராஜீவ் ராஜன் மூளை முடக்குவாதம் கொண்டவர். 2007இல், கூட ஆள் இல்லை என்பதைக் காரணம் காட்டி அவரை விமானத்தில் ஏற்ற மறுத்தனர். கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ், 2012இல் இருக்கையில் அமர்ந்த பின் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே மாதம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமே இயங்க விரும்புபவரை இயங்க விடுவதும், அழைத்தபோது அருகில் நிற்பதும்தான் துணை.

நம் முன்னோர் வரலாற்றிலும் சான்று உண்டு. தாபிஈன்களில் தலைசிறந்த அதாஃ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள் கை முடங்கியவர், கால் ஊனமுற்றவர், ஒரு கண்ணில் பார்வையற்றவர், இறுதிக் காலத்தில் மறு கண்ணின் பார்வையையும் இழந்தவர். கறுப்பினத் தாய்க்குப் பிறந்த அடிமை. அவர்கள்தாம் மக்கா ஹரமின் முஃப்தியாக விளங்கினார்கள். ஹஜ்ஜுடைய நாட்களில் அவர்களைத் தவிர வேறெவரும் ஃபத்வா வழங்க வேண்டாம் என்று உமைய்யா ஆட்சியில் பறைசாற்றப்பட்டது. கலீஃபா சுலைமான் இப்னு அப்துல் மலிக் தம் புதல்வர்களோடு அவர்கள் முன் அமர்ந்து ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்டறிந்தார். அதாஃவைவிடச் சிறந்த ஒருவரைத் தாம் சந்தித்ததில்லை என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூறியுள்ளார்கள். அன்று மக்காவாசிகள் அந்தச் சிறுவரைக் கல்விச் சபைக்குள் நுழையவிட்டார்கள். அதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

மக்தபும் பள்ளிவாசலும்

மாலை நேர மக்தபில் இப்பிள்ளைகளைச் சேர்க்க உஸ்தாதுமார்கள் தயங்குகிறார்கள். மக்ரஜ் வராது, தஜ்வீத் வராது என்கிறார்கள். குர்ஆனைத் திக்கித் திணறி, சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அல்ஹம்து ஸூராவைக் குழறலோடு ஓதிமுடிக்கக் கால்மணி நேரம் எடுக்கும் பிள்ளைக்கு அல்லாஹ் இரட்டைக் கூலி தரக் காத்திருக்க, நாம் நேரமில்லை என்று திருப்பி அனுப்பலாமா? ஓதவே இயலாத பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கட்டும். கேட்பதும் இபாதத்தே.

தொழுகையைப் பற்றிய ஐயங்களையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நின்று தொழுங்கள், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்ற கருத்தில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. ருகூஉ, ஸஜ்தாவைத் தலைச் சைகையால் நிறைவேற்றலாம். ஒளூச் செய்யப் பிறர் உதவலாம். வாயிலிருந்து வழியும் உமிழ்நீர் நஜீஸ் அன்று. அதனால் ஆடையும் அசுத்தமாகாது, தொழுகையும் முறியாது. இந்த ஒரு மஸ்அலா தெரியாததால் மகனைப் பள்ளிக்கு அழைத்துவராத தந்தையர் உண்டு.

சக்கர நாற்காலியின் சக்கரம் தெருவில் உருண்டு வந்ததாயிற்றே என்று பள்ளி நிர்வாகிகள் கேட்கிறார்கள். காலணியில் அசுத்தம் ஒட்டினால் மண்ணே அதைத் தூய்மையாக்கிவிடும் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே அழைத்துச் செல்லலாம். அல்லது உள்ளே பயன்படுத்த ஒரு நாற்காலியைப் பள்ளியிலேயே வாங்கி வைக்கலாம். குளிர்சாதனத்திற்கும் பளிங்குக் கல்லுக்கும் வசூலிக்கும் ஜமாஅத்துகளுக்கு இது ஒரு செலவா?

படிக்கட்டுதான் பெரிய தடை. கட்டுமான நெறிமுறைப்படி ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் அமைய வேண்டும். அரையடி உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால், பதினெட்டு அடிச் சாய்தளம். இடமில்லாதபோது திருப்பம் வைத்துக் கட்டலாம். நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னோக்கிக் கவிழும். பெயருக்குக் கட்டிய அத்தகைய சாய்தளங்கள் பல இடங்களில் பைக் ஏற்றத்தான் பயன்படுகின்றன. ஹவ்ளில் குனிந்து ஒளூச் செய்ய இயலாதவருக்காக உட்காரும் உயரத்தில் ஒரு குழாயும் வேண்டும்.

கண்பார்வையற்ற நபித்தோழர் ஒருவர், அழைத்து வர ஆளில்லை என்று கூறி வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டார். அனுமதி அளித்துவிட்டு, அவர் திரும்பும்போது மீண்டும் அழைத்து, பாங்கோசை கேட்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அப்படியாயின் வந்துவிடுமாறு கூறினார்கள் (முஸ்லிம்). இயலாதவருக்கு ஜமாஅத்தைத் தவிர்க்கச் சலுகை உண்டு என்பதில் ஃபிக்ஹ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிரமப்படுவோரை வற்புறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பாங்கு அவருக்கும் சேர்த்துத்தான் ஒலித்தது என்பதற்காகச் சொல்கிறேன். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களோ பாங்கு சொல்பவராகவே அமர்த்தப்பட்டார்கள். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாகவும் இருந்தார்கள்.

பந்தி விஷயத்தையும் விட்டுவிட முடியாது. பார்வையற்றவரோடும் கால் ஊனமுற்றவரோடும் சேர்ந்து உண்ணச் சிலர் தயங்கிய சூழலில், அதில் குற்றமில்லை என்று 'நூர்' அத்தியாயத்தின் 61ஆம் வசனம் இறங்கியதாக விரிவுரை நூல்கள் கூறுகின்றன. வலீமா விருந்துக்குக் குடும்பம் முழுவதும் வருகிறது; அந்தப் பிள்ளை மட்டும் பக்கத்து வீட்டில் விடப்படுகிறது. ஊட்டிவிடும்போது சிந்தும், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தாய் அஞ்சுகிறாள். முகம் சுளிப்பவர்களுக்குத்தான் அந்த வசனம். இதைவிடக் கொடியது, அக்காளையோ தங்கையையோ பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் இப்பிள்ளையை மறைப்பது. மறைத்துச் செய்த சம்பந்தம் பின்னர் வெளிப்படும்போது, வாழப்போன பெண்ணுக்கே அது வேதனையாக முடிகிறது. இருப்பதைச் சொல்லி, அதையும் ஏற்கும் குடும்பத்தையே தேடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே! அந்த வீட்டில் இத்தகைய பிள்ளை கண்ணியமாக வளர்க்கப்பட்டிருந்தால், அதைவிடச் சிறந்த நற்சான்று ஒரு பெண்ணின் வளர்ப்புக்கு வேறென்ன வேண்டும்?

எனக்குப் பிறகு யார்?

பிள்ளை பத்து வயதைத் தாண்டியதும் தூக்கிக் குளிப்பாட்டும் தாயின் இடுப்பு தேயத் தொடங்குகிறது. கணவர் வெளிநாட்டில். தனக்கு முன் இந்தப் பிள்ளையை அல்லாஹ் அழைத்துக்கொள்ளட்டும் என்று தாய் ஒருத்தி துஆக் கேட்கிறாள் என்றால், அது ஈமானின் பலவீனம் என்று அவளுக்கு உபதேசம் செய்யாதீர்கள். பலவீனம் அவளைத் தனியே விட்டுவிட்ட நம்மிடம் இருக்கிறது. மனநலம் குன்றிய ஒரு பெண்மணி தேவையொன்றைக் கூற வந்தபோது, எந்தத் தெருவில் நின்று பேச வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லி, அவருடைய தேவை முடியும் வரை நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள் (முஸ்லிம்). வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் அண்டைவீட்டுச் சகோதரி அந்தப் பிள்ளையோடு அமர்ந்தால், தாய் ஒரு மருத்துவரைப் பார்த்து வருவாள், அல்லது உறங்குவாள்.

பெற்றோர் இப்போதே செய்துவைக்க வேண்டியவை சில உண்டு. வாரிசுரிமைப் பங்கில் மூளை முடக்குவாதம் கொண்ட மகனுக்கும் மகளுக்கும் மற்றவர்களைப் போன்றே முழு உரிமை உண்டு. "இவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று அண்ணன் தம்பிகள் எழுதி வாங்கிக்கொள்வது ஹராம். பெற்றோர் தம் வாழ்நாளிலேயே அப்பிள்ளையின் தேவையைக் கருதிக் கூடுதலாக ஹிபா செய்வதை உலமாக்கள் பலர் அனுமதித்துள்ளனர். மற்றப் பிள்ளைகளின் மனமொப்பலோடு செய்தால் பின்னர் பிணக்கு வராது. பதினெட்டு வயதுக்குப் பின்னும் சுயமாக முடிவெடுக்க இயலாதவருக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. காப்பாளர் சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு உதவிக்கும், மூளை முடக்குவாதம் கொண்டோருக்கான சிறப்புச் சக்கர நாற்காலிக்கும் கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்மார்கள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு யாரையேனும் அனுப்பினால் போதும். ஊனச் சான்றின் நகல், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பிள்ளையின் புகைப்படம் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். படித்த இளைஞர்கள் சிலர் எழுதித் தர முன்வந்துள்ளார்கள். சான்று வாங்காதவர்கள், மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அதையும் சொல்லி அனுப்புங்கள்.